இரண்டாவது டிஸ்குக்கு ஒரு வாசல்

புள்ளி என்பது அவளுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் இல்லை, அச்சகம் வைத்தது. பார்வையில்லாதவர்களுக்காகப் பிரெய்ல் புத்தகம் அடிக்கிற அந்தச் சின்ன அச்சகத்துக்கு அவள் பிழை திருத்த வந்த முதல் வாரம். அடித்து முடித்த கட்டு ஒன்றை விரலால் தடவிக்கொண்டே போனவள் சட்டென்று நின்றாள். “பதினேழாவது வரி, நாலாவது எழுத்து, ஒரு புள்ளி அரைகுறையா எழும்பியிருக்கு” என்றாள். பைண்டர் அண்ணன் கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுக்கொண்டு, தாளை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். அரைகுறைதான். “அடேயப்பா! இது சாதாரணப் புள்ளி இல்ல, பெரும்புள்ளி” என்றார். அன்றிலிருந்து அவள் புள்ளி. வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் மேனேஜர்கூட அவளை அவளுடைய பெயரால் கூப்பிட்டதில்லை.

இப்போது அவளுக்கு முப்பத்தெட்டு வயது. ஐந்து வயதில் வந்த ஒரு காய்ச்சல் கண்ணைக் கொண்டுபோயிருந்தது. போனதைப் பற்றிப் பேச அவளுக்கு நேரமில்லை. அச்சகத்தில் அவ்வளவு வேலை கிடந்தது.

அந்த வேலை முழுவதும் அவள் மேசைக்கு அடியில் இருந்த கம்ப்யூட்டர் பெட்டியில்தான் நடந்தது. ஒரே பெட்டிக்குள் இரண்டு குடித்தனம். முதல் டிஸ்கில் விண்டோஸ். தாளில் புள்ளி குத்துகிற இயந்திரம் வயதானது, பிடிவாதக்காரி. விண்டோஸ் சொன்னால்தான் கேட்கும், வேறு யார் சொன்னாலும் அசையாது. இரண்டாவது டிஸ்கில் லினக்ஸ், விண்டோஸைப் போலவே கம்ப்யூட்டரை இயக்குகிற இன்னொரு மென்பொருள். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் குரல், எழுத்தைப் புள்ளியாக மாற்றுகிற அட்டவணைகள், புத்தகங்களின் மூலப் பிரதிகள் எல்லாம் அங்கே. மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்த இரண்டாவது டிஸ்கை வாங்க வைத்ததும், திரையை வாசித்துச் சொல்லிக்கொண்டே கிளம்புகிற, பேசுகிற பென்டிரைவ் ஒன்றைச் செருகி, அதிலிருந்து அந்த டிஸ்கில் லினக்ஸைப் போட்டதும் அவளேதான். பக்கத்தில் யாரையும் உட்கார்த்தி வைக்காமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் காதைக் கொடுத்துச் செய்த காரியம் அது.

சுவிட்சைப் போட்டால் பத்து விநாடியில் பெட்டிக்குள்ளிருந்து ‘கீக்’ என்று ஒரு சத்தம் வரும். எந்தக் குடித்தனத்துக்குப் போகலாம் என்று கேட்கிற பட்டியல் திரையில் வந்துவிட்டது என்பதற்கு அவளே வைத்துக்கொண்ட அடையாளம். அப்படியே என்டரைத் தட்டினால் லினக்ஸ். கீழ் அம்பை இரண்டு முறை தட்டிவிட்டு என்டர் என்றால் விண்டோஸ். மூன்று வருஷமாக ஒரு நாள்கூட அது தவறியதில்லை.

அந்தச் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கீக் வரவில்லை. பத்து எண்ணினாள், இருபது எண்ணினாள். அதற்குள் விண்டோஸ் தானாகத் திறந்துகொண்டு, அவளுக்குப் பழக்கமில்லாத ஏதோ மணியை அடித்தது. அணைத்துவிட்டு மறுபடி போட்டாள். மறுபடியும் அதே மணி.

“சார், நேத்து யாராவது இதைத் தொட்டாங்களா?”

மேனேஜர் தன் அறையிலிருந்து சந்தோஷமாக வந்தார். “தொட்டாங்களாவா? முதல் டிஸ்க் ஒரு வாரமா கடகடன்னு சத்தம் போட்டுச்சே, நீ கிளம்பினப்புறம் சர்வீஸ்காரர வரவழைச்சு மாத்திட்டேன். புது டிஸ்க், புது விண்டோஸ். ராக்கெட் மாதிரி போகுது பாரு!”

“ராக்கெட் போகுது சார். என் லினக்ஸக் காணோம்.”

மேனேஜருடைய செருப்புச் சத்தம் அப்படியே நின்றுவிட்டது. காரணம் இல்லாமல் இல்லை. பார்வையற்றவர்களுக்கு உடலியக்கச் சிகிச்சை கற்றுத்தருகிற கல்லூரி ஒன்றுக்கு உடற்கூறு நூல் அடித்துத் தர அச்சகம் ஒப்புக்கொண்டிருந்தது. நான்கு பாகம். திங்கட்கிழமை காலை வகுப்புத் தொடங்குகிறது. முதல் பாகம் பதினெட்டுப் பிரதி அன்றைக்குப் போய்ச் சேர வேண்டும். இயந்திரம் நிற்காமல் ஓடினால் பன்னிரண்டு மணி நேர வேலை. புள்ளி உட்கார்ந்து கடைசித் திருத்தங்களை முடித்துக் கொடுத்தால் மத்தியானம் தொடங்கிவிடலாம் என்பது கணக்கு. திருத்தப்பட்ட புத்தகமோ அந்த இரண்டாவது டிஸ்கில் இருந்தது. வேறு ஒரு பிரதி எடுத்து வைத்திருந்தாள், ஆனால் அது இரண்டு மாதப் பழசு. அந்த இரண்டு மாதத்தில்தான் உடம்பில் உள்ள இருநூற்றாறு எலும்பையும் ஒவ்வொன்றாகத் தடவிப் பிழை திருத்தியிருந்தாள்.

“அப்போ எலும்பெல்லாம்?” என்றார் மேனேஜர்.

“எங்கேயும் போகல சார். முதல்ல அவரை வரச் சொல்லுங்க.”

சர்வீஸ்காரர் பத்து மணிக்கு வந்தார். நாற்பது வயதிருக்கும். குரலில் அலுப்பு, கையில் திருப்புளி. பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, கம்ப்யூட்டரைப் போட்டு, ஒரு விசையைத் தட்டி, எந்த டிஸ்கிலிருந்து தொடங்கலாம் என்ற பட்டியலைக் கொண்டுவந்தார். பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“விண்டோஸ் மட்டும்தான் காட்டுது. ரெண்டாவது டிஸ்க் லிஸ்ட்லயே இல்ல. நான் அதைத் தொடவே இல்ல சார், சத்தியமா. அதுவும் பழசுதானே, அதே நேரத்துல போயிருக்கும்.”

பிறகு விண்டோஸுக்குள் போய் ஏதோ ஒரு ஜன்னலைத் திறந்தார். “இங்க தெரியுது. ஆனா உள்ள ஒண்ணும் இல்ல, வெறும் இடம். ஃபார்மேட் பண்ணிடறேன், அதுலயும் புதுசா போட்டுக்கலாம்.”

“சார், கைய எடுங்க.”

புள்ளி அவ்வளவு உரக்கப் பேசி அச்சகத்தில் யாரும் கேட்டதில்லை. தாள் வெட்டிக்கொண்டிருந்த பைண்டர் அண்ணன் கத்தரிப்பதை நிறுத்தினார். இரண்டு விநாடி கழித்து, நாற்காலியைப் பின்னால் தள்ளுகிற சத்தம் கேட்டது. கையை எடுத்துவிட்டார் என்று அவளுக்குப் புரிந்தது.

அவள் மேசைக்கடியில் குனிந்து, திறந்திருந்த பெட்டிக்குள் கையை விட்டாள். முதலில் புது டிஸ்க், சில்லென்று மெல்லிசாக. அதற்குக் கீழே அவளுடைய பழைய டிஸ்க். உள்ளங்கையை அதன்மேல் வைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. மெல்லிய, ஒரே சீரான அதிர்வு. தடங்கல் இல்லை, கடகடப்பு இல்லை.

“இது ஓடுது. நல்லா ஓடுது. செத்த டிஸ்க் இப்படி ஓடாது.”

“ஓடலாம் மேடம். ஆனா உள்ள எதுவும் இல்லன்னு விண்டோஸே சொல்லுதே!”

“பைண்டர் அண்ணே, நம்ம புத்தகத்துல ஒரு பக்கத்தை எடுத்து அவர்கிட்ட குடுங்க.” தாள் கை மாறுகிற சத்தம் கேட்டது. “சார், இதுல என்ன எழுதியிருக்கு?”

“இதுல எழுத்தே இல்லையே. வெள்ளைத் தாளு.”

“படிக்கத் தெரியாதவங்களுக்கு வெள்ளைத் தாளு. அதுல ஒரு முதுகெலும்பு முழுசா இருக்கு. அதே மாதிரிதான். லினக்ஸ் எழுதி வச்சத விண்டோஸுக்குப் படிக்கத் தெரியாது. தெரியாதுன்னு சொல்லாம, ஒண்ணும் இல்லன்னு சொல்லுது.”

பைண்டர் அண்ணன் இருமலுக்குள் சிரிப்பை மறைத்தார். சர்வீஸ்காரர் விடவில்லை. “சரி, இருக்குன்னே வச்சுக்குவோம். கோவிச்சுக்காதீங்க மேடம், இந்த ஆரம்பத் திரை எல்லாம் பேசாது. குரல் வர்றதுக்கு முன்னாடி இருக்கற இடம் இது. நீங்க எப்படிப் பார்ப்பீங்க?”

“பாக்கறதுக்கு அண்ணன் இருக்காரு. எதைப் பாக்கணும்னு சொல்றதுக்கு நான் இருக்கேன்.”

மேனேஜர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு யோசித்தார். ஒரு பக்கம் திருப்புளியோடு நிற்கிற ஆள், இன்னொரு பக்கம் இத்தனை வருஷத்தில் ஒரு புள்ளியைக்கூடத் தவறவிடாத பெண். “எவ்வளவு நேரம் வேணும்?” என்றார்.

“ரெண்டு மணி வரைக்கும்.”

“எடுத்துக்க.”

அவள் கணவனுக்குப் போன் போட்டாள். அவர் தையல்காரர், நான்கு தெரு தள்ளிக் கடை. பின்னால் தையல் மெஷின் ஓடுவது கேட்டது.

“என்னங்க, வீட்டுல பொத்தான் டப்பாவுல மூணு பென்டிரைவ் இருக்கும். நீங்க நாடா கட்டினது. ரெண்டு முடிச்சு போட்டதும் மூணு முடிச்சு போட்டதும் வேணும்.”

“இப்பவேவா? ஒரு சட்டையப் பாதியில வெட்டிப் போட்டிருக்கேம்மா.”

“கையில்லாத சட்டைன்னு சொல்லி வித்துடுங்க. சீக்கிரம் வாங்க.”

அவர் வரும்வரை அவள் சும்மா இருக்கவில்லை. பைண்டர் அண்ணனைத் திரைக்கு முன்னால் உட்காரவைத்தாள். மனிதர் புத்தகம் கட்டுவதில் புலி. பசை, நூல், ஊசி என்றால் கண்ணைக் கட்டிவிட்டாலும் செய்வார். ஆனால் கம்ப்யூட்டர் என்றால் இரண்டடி தள்ளியே நிற்பார். ஆங்கிலம் எழுத்துக் கூட்டித்தான் வரும். அவர் சட்டைக் கையில் உள்ளங்கையைத் துடைத்துக்கொள்வது அவளுக்குக் கேட்டது.

“தப்பா எதையாவது அமுக்கிட்டா வெடிக்குமா?”

“வெடிச்சா நாம ரெண்டு பேரும் சேர்ந்தே போவோம்ணே. நீங்க எதையும் அமுக்க வேண்டாம். படிங்க போதும். நான் அமுக்கறேன்.”

கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டு, அமைப்புகள் உள்ள திரைக்குப் போகிற விசையை விடாமல் தட்டினாள்.

“நீலமா ஒரு பக்கம் வந்திருக்கு. மேல நேரம். அதுக்குக் கீழ... எஸ், ஏ, டி, ஏ. ஒண்ணுன்னு போட்டிருக்கு. அதுக்கு நேரா ஏதோ நம்பர், ஐநூறு ஜிபி.”

“புது டிஸ்க். அடுத்தது?”

“எஸ், ஏ, டி, ஏ, ரெண்டு. அதுக்கு நேராவும் இருக்கும்மா! ஆயிரம் ஜிபி!”

“அதான் என் டிஸ்க்” என்றாள் புள்ளி. நாற்காலியில் அவள் முதுகு ஓர் அங்குலம் நிமிர்ந்தது. கம்ப்யூட்டருக்கு அந்த டிஸ்கைத் தெரிகிறது. ஆள் வீட்டில்தான் இருக்கிறார். தொடங்குகிற பட்டியலில் மட்டும் ஏன் வரவில்லை?

பதினொன்றரைக்கு அவள் கணவர் மூச்சு வாங்க வந்தார். கழுத்தில் அளவு நாடா தொங்கியபடியே இருந்தது. அவள் கையில் இரண்டு பென்டிரைவையும் வைத்துவிட்டுப் போகப் போகிறவர்போல வாசல்வரை நடந்தார். பிறகு திரும்பி வந்து சுவரோரம் நின்றுகொண்டார்.

“சட்டை?” என்றாள் அவள், திரும்பாமலே.

“கை அங்கேயே இருக்கு, எங்கேயும் ஓடிடாது.”

இரண்டு முடிச்சுப் போட்டது பேசுகிற பென்டிரைவ். அதைச் செருகி, தொடங்கும் பட்டியலைக் கொண்டுவந்தாள். பைண்டர் அண்ணன் இப்போது தேர்ந்த ஆள்போலப் படித்தார். “ஒண்ணாவது விண்டோஸ். ரெண்டாவது யு, எஸ், பி.” ஒரு கீழ் அம்பு, ஒரு என்டர். ஒரு நிமிஷம் கழித்து மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினாள்.

குரல் வந்தது. காதில் மாட்டுகிற கருவியை அவள் வேண்டுமென்றே கழற்றி வைத்திருந்ததால் அறைக்கே கேட்டது. பழக்கத்தில் அதன் வேகத்தை உச்சத்துக்குக் கூட்டினாள். மடை திறந்ததுபோலக் கொட்டியது அது.

“இது என்ன பாஷை மேடம்?” என்றார் சர்வீஸ்காரர்.

“இங்கிலீஷ்தான் சார். கொஞ்சம் அவசரத்துல இருக்கு.”

அந்த அறையில் அந்த நிமிஷம் என்ன நடக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் அவள்தான். கண்ணுள்ள நான்கு பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரையில் ஓடும் வரிகள் அவர்களுக்கு விளங்கவில்லை, குரலும் பிடிபடவில்லை. அவள் விரல்கள் விசைப்பலகையில் தட்டுவதும், குரல் பதில் சொல்வதும், அவள் அதைப் பாதியிலேயே வெட்டி அடுத்ததைக் கேட்பதுமாக இருந்தது. டிஸ்குகளின் பட்டியலைக் கேட்டாள். இரண்டாவது டிஸ்கில் அவள் போட்ட பகுதிகள் அப்படியே இருந்தன. பெரியதைத் திறந்தாள். ‘உடற்கூறு, முதல் பாகம்.’ உள்ளே இருந்த கோப்புகளில் ஒன்றைத் தேர்ந்து, குரலைத் தமிழுக்கு மாற்றி, வேகத்தைக் குறைத்து ஓடவிட்டாள்.

“தோள்பட்டை எலும்பு தட்டையானது. முக்கோண வடிவம் கொண்டது” என்றது குரல், இலக்கணம் தவறாத ஒரு பொம்மை பேசுவதுபோல.

மேனேஜர் தன்னை அறியாமல் தன் தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டதாகப் பைண்டர் அண்ணன் பிறகு சொன்னார். அவருடைய பெருமூச்சு மட்டும் அவளுக்கு நன்றாகவே கேட்டது.

“கேட்டுதா சார்? வெறும் இடம் பேசுது” என்றார் அவள் கணவர், யாரையும் குறிப்பிடாமல்.

முதல் வேலையாக, புத்தகம் முழுவதையும் மூன்று முடிச்சுப் போட்ட பென்டிரைவில் ஒரு பிரதி எடுத்தாள். அது ஏறி முடிகிறவரை வேறு எதையும் தொடவில்லை. அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளும்படி கணவரிடம் கொடுத்துவிட்டுத்தான் நோயைத் தேட இறங்கினாள்.

தேடவே வேண்டியிருக்கவில்லை. இரண்டாவது டிஸ்கில் எல்லாம் இருந்தது, தொடக்கி வைக்கிற சின்னப் பகுதி மட்டும் இல்லை. கம்ப்யூட்டர் விழித்ததும் முதலில் தட்டுகிற வாசல் அது. வாசல் இல்லாத வீட்டைத் தொடங்கும் பட்டியல் எப்படிக் காட்டும்? அப்படியானால் இந்த மூன்று வருஷமும் லினக்ஸ் எந்த வாசல் வழியாகக் கிளம்பியது?

புள்ளியின் விரல்கள் விசைப்பலகைமேல் நின்றன.

அந்த ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வந்தது. லினக்ஸைப் போடும்போது இரண்டு டிஸ்கும் மாட்டியிருந்தது. தொடக்கிவைக்கும் பகுதியை எங்கே வைக்கட்டும் என்று அது ஒரு கேள்வி கேட்டது. அவள் என்டரைத் தட்டிவிட்டு அடுத்ததற்குப் போனாள். என்டர் தட்டினால் அது தன் இஷ்டத்துக்கு முதல் டிஸ்கில், விண்டோஸின் வாசலிலேயே, லினக்ஸின் சாவியையும் மாட்டிவிடும். மாட்டிவிட்டது. நேற்று அந்த முதல் டிஸ்க் வெளியே போனபோது சாவியும் சேர்ந்து போய்விட்டது. சர்வீஸ்காரர் அவள் டிஸ்கைத் தொடவில்லை என்றது சத்தியம்தான்.

மேனேஜர் அதற்குள் அவர்மேல் பாய ஆரம்பித்திருந்தார். “பாத்தீங்களா சார்? நல்லா இருந்த டிஸ்கைச் செத்துப்போச்சுன்னீங்க! அழிக்கப் பாத்தீங்க! நீங்க கை வச்சுதானே இவ்வளவும் ஆச்சு?”

சர்வீஸ்காரர் திருப்புளியைத் தன் கருவிப் பெட்டிக்குள் போடுகிற சத்தம் கேட்டது. புள்ளி சும்மா இருந்தால் பழி அப்படியே அவரோடு போய்விடும். ஒருத்தருக்கும் தெரியப்போவதில்லை. அந்தத் திரையில் இருப்பதைப் படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்தி.

“அவரைத் திட்டாதீங்க சார்” என்றாள். “அழிக்கப் பாத்தது தப்பு, அதுக்கு நானே கத்திட்டேன். ஆனா லினக்ஸ் வராமப் போனதுக்குக் காரணம் நான். மூணு வருஷம் முன்னாடி போடும்போது அதோட வாசலை அடுத்த டிஸ்குல வச்சுட்டேன். ஒரு கேள்விய ஒழுங்காக் கேக்காம என்டர் தட்டிட்டேன். அவர் மாத்தாம இருந்திருந்தாலும், பழைய டிஸ்க் ஒரு நாள் தானாவே போயிருக்கும். அன்னைக்கும் இதேதான் ஆகியிருக்கும்.”

சுவரோரத்திலிருந்து அளவு நாடாவைச் சுருட்டி விரிக்கிற சத்தம் வந்தது. கணவருக்கு மனசு நிறைந்துவிட்டால் கை இப்படித்தான் எதையாவது செய்துகொண்டிருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

“சரி, இப்போ என்ன பண்ணப் போறே?” என்றார் மேனேஜர், குரல் இறங்கி.

“அதுக்கு அதோட வீட்டுலயே ஒரு வாசல் வைக்கப் போறேன்.”

டிஸ்கின் ஓரத்தில், நினைவகம் போதாதபோது கைகொடுக்கட்டும் என்று ஒதுக்கிய சின்னத் துண்டு ஒன்று சும்மா கிடந்தது. அதை எடுத்து, தொடக்கிவைக்கும் பகுதியாக மாற்றினாள். எந்த டிஸ்கில் கை வைக்கிறோம் என்பதைக் குரலிடம் மூன்று முறை கேட்டு உறுதி செய்துகொண்டாள். ஒரு எழுத்து மாறினால் புது விண்டோஸ் போய்விடும். பிறகு லினக்ஸைத் தொடக்கும் நிரலை அங்கே பதித்து, விண்டோஸையும் பட்டியலில் சேர்க்கச் சொன்னாள். அடுத்து அமைப்புத் திரைக்குப் போய், பைண்டர் அண்ணன் படிக்கப் படிக்க, இரண்டாவது டிஸ்கை வரிசையில் முதலாவதாக ஏற்றி வைத்தாள். மணி ஒன்றே கால்.

பென்டிரைவைப் பிடுங்கிவிட்டுச் சுவிட்சைப் போட்டாள்.

கீக்!

“வந்துடுச்சு!” என்று கத்தினார் மேனேஜர். பைண்டர் அண்ணன் கை தட்டினார். புள்ளி என்டரைத் தட்டிவிட்டுக் காத்திருந்தாள். அரை நிமிஷத்தில் குரல் வர வேண்டும். ஒரு நிமிஷம் ஆனது. இரண்டு நிமிஷம். குரல் இல்லை.

“கறுப்புத் திரைம்மா” என்றார் பைண்டர் அண்ணன், கைதட்டின கையைத் தொடைக்கடியில் ஒளித்துக்கொண்டு. “வரி வரியா வெள்ளை எழுத்து. ஒரே ஒரு வரி மட்டும் சிவப்பு.”

“சிவப்பு வரியப் படிங்க.”

“எஃப், ஏ, ஐ, எல், ஈ, டி... அப்புறம் ஒரு சாய்வுக்கோடு, பூட், இன்னொரு சாய்வுக்கோடு, ஈ, எஃப், ஐ.”

புள்ளி ஒரு கணம் யோசித்தாள். பிறகு சிரித்துவிட்டாள். “வாசல் புதுசா வச்சுட்டேன். ஆனா உள்ள இருக்கறவர் கையில இன்னும் பழைய விலாசம்தான் இருக்கு. பழைய டிஸ்கோட வாசலைத் தேடித் தேடிப் பாத்துட்டு, கிடைக்கலன்னதும் உக்காந்துட்டாரு.”

மறுபடி பேசும் பென்டிரைவ். எந்தப் பகுதி எங்கே இருக்கிறது என்று லினக்ஸ் தனக்காக எழுதி வைத்திருக்கும் பட்டியலைத் திறந்தாள். அதில் ஒரே ஒரு வரியில் பழைய வாசலின் நீண்ட எண் இருந்தது. அதை அழித்துவிட்டுப் புது வாசலின் எண்ணைக் குரல் சொல்லச் சொல்ல அடித்து, எழுத்து எழுத்தாகத் திரும்பப் படிக்கவைத்துச் சரிபார்த்தாள். அது பிழை திருத்துகிற வேலை. அதில் அவளை அடிக்க ஆள் கிடையாது. வாசலாக மாறிவிட்ட அந்தச் சின்னத் துண்டைப் பற்றிய பழைய வரியையும் எடுத்துவிட்டாள்.

கீக். என்டர். இருபத்தெட்டு விநாடி. பிறகு அவளுடைய சொந்த டிஸ்கின் குரல், மூன்று வருஷமாக அவள் காதில் பேசுகிற அந்தக் குரல், வணக்கம் சொன்னது.

இந்த முறை யாரும் கத்தவில்லை. அவள் முகம் போன போக்கைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டார்கள் என்று கணவர் பிறகு வீட்டில் சொன்னார். “எப்படி இருந்துச்சு என் மூஞ்சி?” என்று அவள் கேட்டதற்கு, “கல்யாணத்தன்னைக்குக்கூட அப்படி இல்ல” என்றார், கொஞ்சம் பொறாமையோடு.

ஆனால் அவள் அதோடு விடவில்லை. “சார்” என்று சர்வீஸ்காரரைக் கூப்பிட்டாள். “பெட்டிய அணைச்சுட்டேன். உங்க புது டிஸ்கோட வயரை மட்டும் கழட்டுங்க.”

“எதுக்கு மேடம்? ஓடுதே!”

“அது துணை இல்லாமலும் ஓடுதான்னு பாக்கணும்.”

கழற்றினார். முதல் டிஸ்க் இல்லாமல், இரண்டாவது டிஸ்க் தானே தன் வாசலைத் திறந்துகொண்டு, கீக் என்று சத்தம் கொடுத்து, குரல் வரை வந்து நின்றது. பிறகு அதன் வயரைக் கழற்றிவிட்டுப் புது டிஸ்கை மாட்டிப் பார்த்தார்கள். விண்டோஸ் தன் மணியை அடித்தது. இரண்டையும் மாட்டினார்கள். கீக், கீழ் அம்பு இரண்டு, என்டர், அதே மணி. இனி ஒருவர் குடி பெயர்ந்தால் இன்னொருவர் தெருவில் நிற்க வேண்டியதில்லை.

“எனக்கு இதைச் சோதிக்கத் தோணியிருக்காது மேடம்” என்றார் சர்வீஸ்காரர். அதைச் சொல்ல அவருக்குக் கொஞ்சம் சிரமமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொன்னார்.

மணி இரண்டாக ஐந்து நிமிஷம். கணவர் அவள் கையில் ஒரு ரொட்டிப் பொட்டலத்தைத் திணித்துவிட்டுக் கையில்லாத சட்டைக்குத் திரும்பினார். போகும்போது வாசலில் மேனேஜரிடம், “மூணு வருஷம் முன்னாடி போட்டதும் அவதான் சார், தனியா” என்றார். மேனேஜருக்கு அது தெரியும். தெரியும் என்பது கணவருக்கும் தெரியும். இருந்தாலும் சொல்லாமல் போக அவரால் முடியவில்லை.

புள்ளி ஒரு கையால் ரொட்டியைத் தின்றுகொண்டே கடைசித் திருத்தங்களை முடித்தாள். மணிக்கட்டில் இருக்கிற எட்டு எலும்புகளில் இரண்டுக்குப் பெயர் மாறிப்போயிருந்ததைப் பிடித்தாள். அவசரத்தில் விட்டிருந்தால் பதினெட்டுப் பேர் இடம் மாறிய எலும்போடு படித்துத் தேறியிருப்பார்கள். முடித்ததை இன்னொரு பென்டிரைவில் விண்டோஸுக்குக் கொண்டுபோனாள், மூன்றரை மணிக்குப் புள்ளி குத்துகிற இயந்திரம் தடதடவென்று ஓட ஆரம்பித்தது. மேசை அதிர்ந்தது, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பக்கத்துக் கடைக்காரர் வழக்கம்போல வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார். ஞாயிறு மாலை பைண்டர் அண்ணன் பதினெட்டாவது பிரதிக்கு அட்டை கட்டினார். திங்கள் காலை எட்டரைக்குக் கல்லூரிக்காரர்கள் வந்து பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

செவ்வாய்க்கிழமை மாலை, வேலை முடிந்து பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தபோது அவளுடைய போன் அடித்தது. சர்வீஸ்காரர்.

“அக்கா, நான்தான். நல்லா இருக்கீங்களா?” மேடம், அக்காவாகியிருந்தது. “ஒரு ஸ்டூடியோவுல உக்காந்திருக்கேன். இங்கேயும் ரெண்டு டிஸ்க், ரெண்டு சிஸ்டம். ஒண்ணு லிஸ்டுல வரல. ஓனர் ஃபார்மேட் பண்ணச் சொல்றாரு. நான் கைய எடுத்துட்டேன்.”

“நல்லது பண்ணீங்க. டிஸ்க் ஓடுதா? மேல கை வச்சுப் பாத்தீங்களா?”

“பாத்துட்டேன்க்கா. ஓடுது.”

“அப்போ பயப்படாதீங்க. அமைப்புத் திரைக்குப் போங்க. அங்க எஸ், ஏ, டி, ஏன்னு வரிசையா இருக்கும். ரெண்டாவதுல என்ன எழுதியிருக்குன்னு படிங்க.”

பஸ்ஸில் பக்கத்து இருக்கை அம்மா பேச்சை நிறுத்திவிட்டு அவள் பக்கம் திரும்பினார். முன் இருக்கையில் இருந்தவரும் காதைக் கொடுத்தார். புள்ளி குரலைத் தாழ்த்திக்கொள்ளவில்லை. நிதானமாக, ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனாள். அவள் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்து போனது. அவள் இறங்கவில்லை. வேலை முடியாமல் பாதியில் விட்டுவிட்டு இறங்குகிற ஆள் அவள் இல்லை.